அடிமண்டி

தாலத்,
மார்ச் 9

அன்புத் தங்கை கெல்தூமுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், இறைவனுக்கே புகழ். உன் சுகம் எப்படி? குளிரில் பிடித்த இருமல் விட்டதா?

உன் முதலாளியம்மா கேட்ட இரண்டு கேன் ஆர்கன் எண்ணெயை ஹும்மாத்தின் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இரண்டும் வறுக்காத பருப்பில் பிழிந்தவை, மேலுக்குப் பூச. சின்னக் குப்பியில் இருப்பது வறுத்தது, நீ ரொட்டியில் தொட்டுத் தின்ன. மாற்றிவிடாதே. போன தடவை நீ மாற்றிக் கொடுத்து, ஒரு நீதிபதியின் மனைவி முகமெல்லாம் வறுத்த பருப்பு வாசத்தோடு விருந்துக்குப் போனாள் என்று எழுதியிருந்தாயே, அதை எண்ணெய் பிழியும் எங்கள் பெண்கள் சங்கத்தில் படித்துக் காட்டினேன். கொட்டை உடைக்கும் கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

நம் கடைசித் தங்கை ருக்கியாவுக்கு இடம் அமைந்துவிட்டது. அகாதிர்க்காரர்கள். பையன் ஓட்டல் சமையல்கட்டில் இருக்கிறான். கல்யாணம் அறுவடை முடிந்து, செப்டம்பரில். பையனின் தாய் வந்து தேநீர் குடித்தாள். ருக்கியாவின் தாடையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "பொண்ணு நல்ல பொண்ணுதான். மூஞ்சில கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கலாம்" என்றாள். ஆட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பவன்கூட இதைவிட மரியாதையாகப் பிடிப்பான். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அன்றிலிருந்து இவள் வெயிலில் இறங்குவதில்லை. நீ அனுப்பிய போட்டோவை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். நீ எப்படி இப்படி வெளுத்தாய் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். இந்த வரியை நான் எழுதுகிறேனா என்று இப்போதும் தோளுக்கு மேலே நிற்கிறாள், ஒரு எழுத்துகூடத் தெரியாவிட்டாலும்.

உன் உச்சியில் முத்தமிடும் அக்கா,
இஜ்ஜா

---

காசாபிளாங்கா,
ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்தாலே நம் வீட்டுப் புகைவாசம் வருகிறது. நீயும் மாமாவும் ருக்கியாவும் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம். இருமல் போய்விட்டது. ஆனால் வாயில் எப்போதும் ஒரு ருசி, காசை நாக்கின் அடியில் வைத்திருப்பதுபோல. இந்த ஊர்த் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் துருப்பிடித்தவை.

அகாதிர் அம்மாளின் பேச்சைப் படித்துப் பல்லைக் கடித்தேன். பிறகு, இங்கே தினமும் அதே அம்மாக்களிடம்தானே சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் விரல் நசுங்க உடைத்துப் பிழிந்த எண்ணெய் இந்த அழகுசாதனக் கடையில் கட்டைவிரல் அளவுக் குப்பியில், தங்க நிற மூடியோடு நிற்கிறது. எந்தக் கையால் பிழிந்தது என்று ஒருத்தி கேட்டதில்லை.

ருக்கியாவுக்குச் சொல்: வெறும் எண்ணெய் வெளுக்க வைக்காது. என் முதலாளியம்மா லல்லா பஹீஜா அதைக் "கழுதை" என்பாள். "நம்ம எண்ணெய் மத்ததுமாதிரி மேல மினுக்கிக்கிட்டு நிக்காதுடி. தோலுக்குள்ள நடந்து போயிடும். நாம எதை ஏத்துறமோ அதையும் சுமந்துட்டுப் போகும்" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பாள். துறைமுகத்திலிருந்து ஒருவன் கொண்டுவரும் டப்பாவிலிருந்து ஒரு சாம்பல் மாவை அதில் ஏற்றுகிறோம். டப்பாவில் எழுத்து ஒன்றும் இல்லை. கரண்டிக்குக் கட்டி உடையாது, அதனால் நான்தான் கையால் குழைக்கிறேன். என் கை மணிக்கட்டுவரை பணக்கார லல்லாக்களின் கைபோல வெளுத்துவிட்டது. மூன்று நான்கு வாரம் பூசினால் முகமும் வெளுத்துத் திறந்துகொள்கிறது, என்னுடையதுபோல.

ஒரு ஜாடி அனுப்புகிறேன். கல்யாணத்தன்று அந்தத் தாய் இவள் தாடையைப் பிடித்துத் திருப்பட்டும், கண் கூசட்டும்.

உன் கெல்தூம்

---

தாலத்,
ஏப்ரல் 27

அன்புத் தங்கைக்கு,

சலாம். உன் வாய்க்கசப்புக்குக் காட்டுத்துளசி போட்டுக் காய்ச்சிக் குடி, சரியாகும். ஜாடி வந்துசேர்ந்தது. மேல்தட்டில் வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

கோபிக்காதே. பிறந்தது முதல் இந்த எண்ணெயில் கிடக்கிறவள் நான். குதிகால் வெடிப்பு மூடும், தலைமுடி உதிர்வது நிற்கும், நகம் உடையாது, பச்சைப்பிள்ளை உச்சந்தலையில் படியும் செதில் போகும். எல்லாம் கண்ணால் கண்டது. ஆனால் அது யார் நிறத்தையும் மாற்றியதில்லை. மாற்றுவது அந்த மாவு. அது என்ன மாவு? கேட்டு எழுது.

இன்னொரு சேதி. முன்பு இரண்டு தடவை ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டையும் இழந்தேன். அதனால் இம்முறை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது வயிறே சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஐந்தாம் மாதம். உன் மாமா மொஹந்த் மீன்பிடிப் படகிலிருந்து வரும்போதெல்லாம் வயிற்றில் காதை வைத்து, "யாரோ வாதாடுறாங்க உள்ள. உன் தங்கச்சி சாடைதான்" என்கிறான்.

கல்யாணம் நிச்சயமான பெண் வீட்டில் இருக்கும்போது, கர்ப்பிணியின் வயிற்றுக்கு அவள்தானே எண்ணெய் தேய்க்க வேண்டும்? என் பிள்ளைப் பாக்கியம் அவள் கைக்கும் போகுமாம். தினமும் சாயங்காலம் ருக்கியா தேய்த்துவிடுகிறாள். முதலில் கூச்சப்பட்டாள். இப்போது பிள்ளையோடு கதையே பேசுகிறாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
இஜ்ஜா

---

காசாபிளாங்கா,
மே 14

அன்புள்ள அக்கா,

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் கண்ணேறு படாமல் இருக்க வேண்டும். கடிதத்தைக் கடையின் பின்கட்டில் வைத்துப் படித்து அழுதேன். மற்ற பெண்கள் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் சுகம்தான். ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பல் துலக்கினால் இரத்தம். தூக்கம் வருவதில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். போன வாரம் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது, லல்லா கத்தினாள், நானும் திருப்பிக் கத்தினேன்.

மாவைப் பற்றிக் கேட்டேன். தொழில் ரகசியம் என்கிறாள். செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கைக்காரி முகத்திரையோடு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். திரையைத் தூக்கினாள். கன்னம் ஈரச் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. லல்லா அசரவில்லை. "வெயில்ல போகாதேன்னு சொன்னேன்ல? நீ போயிருக்கே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த டீச்சர் போகும்போது என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை.

ருக்கியா வேண்டுமானால் பூசட்டும், கொஞ்சமாக. நீ அந்த ஜாடியைத் தொடாதே, அக்கா. காரணம் ஒன்றுமில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குப் புதுச்சாமான் எதற்கு என்றுதான்.

உன் கெல்தூம்

---

தாலத்,
ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

சலாம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. காடு அடைத்தாயிற்று. காய் பழுத்து உதிரும்வரை ஆடும் போகாது, ஆளும் போகாது. போன வருடக் கொட்டையை வைத்துத்தான் பிழிகிறோம்.

"காரணம் ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் இல்லாதவள் அப்படி எழுத மாட்டாள்.

ஜாடியை எடுத்து ருக்கியாவிடம் கொடுத்து, குழி தோண்டிக் கொட்டிவிட்டு வா என்றேன். வீடே இரண்டுபட்டது. "உனக்கென்ன, உனக்குப் புருஷன் கிடைச்சாச்சு. நான் கறுப்பாவே கிடந்து சாகணும்" என்றாள். மறுநாள் பார்த்தால் ஜாடி சுத்தமாகக் கழுவி இருந்தது. ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள். கோபக்காரி, ஆனால் சொல் பேச்சு கேட்கிறவள். அன்றைக்குச் சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்து வயிற்றுக்குத் தேய்த்துவிட்டாள். நம் எண்ணெயையே முகத்துக்கும் பூசிக்கொள்கிறாள். நிழலிலேயே இருப்பதாலோ என்னவோ, முகம் கொஞ்சம் தெளிந்துதான் இருக்கிறது.

வீட்டுக் குப்பி இந்தத் தடவை ரொம்பக் கலங்கல். கையால் பிழிந்தால் அப்படித்தானே. மண்டியில்தான் சத்து என்று நாம் வளர்ந்தோம். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அடிமண்டியைச் சுரண்டி முழங்கையில் பூசிக்கொள்வாய். நான் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறேன்.

சங்கத்தில் சொல்லிவிட்டேன்: மாவு இன்னதென்று சொல்லாதவரை உன் லல்லாவுக்கு ஒரு சொட்டுக் கிடையாது. எல்லோரும் சரியென்றார்கள். கேன் இல்லையென்றால் ஹும்மாத் நம் பாதையில் பஸ்ஸைத் திருப்ப மாட்டான். இனி தபாலில் எழுது. மொஹந்த் பெயருக்கு வரும், அவன் அடையாள அட்டையைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். கரைக்கு வரும்போது வாங்கி வருவான்.

கடைசியாக ஒன்று. பள்ளிக்கூடத்தில் உன் எழுத்துதான் அழகு என்று வாத்தியார் சுவரில் ஒட்டி வைத்தார். இந்தக் கடிதத்தில் ஏன் எழுத்தெல்லாம் குளிரில் நிற்பதுபோல் இருக்கிறது?

இஜ்ஜா

---

காசாபிளாங்கா,
ஜூன் 12

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னித்துவிடு.

ஜாடி காலியானது சரி. அதில் இருந்தது எங்கே போனது? குழியிலா? நீ கண்ணால் பார்த்தாயா? ருக்கியாவைக் கேள். இப்போதே கேள். அவள் பதில் சொல்லும்வரை அந்தக் குப்பியைக் குலுக்காதே, திறக்காதே, வயிற்றில் ஒரு துளி படக் கூடாது. நம் எண்ணெய் வெயில் காலத்தில் அப்படிக் கலங்காது, அக்கா. போன வருடக் கொட்டையில் அவ்வளவு மண்டி எங்கிருந்து வரும்?

அந்த டீச்சர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சிறுநீரகம் நின்றுவிட்டது. அவள் அண்ணன் ஒரு டாக்டரையும் இரண்டு அதிகாரிகளையும் கூட்டி வந்தான். டப்பாவை எடுத்துப் போனார்கள். மாவில் இருப்பது பாதரசம். கண்ணாடிக்குப் பின்னால் பூசுகிற பாதரசம், அக்கா. டாக்டர் என்னைக் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். விரல்கள் தாமாக ஆடின. "எவ்வளவு நாளா குழைக்கிறே?" என்றார். "பிள்ளைத்தாய்ச்சி யாராச்சும் பூசியிருக்காங்களா?" என்றும் கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். இல்லைதானே?

உடனே எழுது.

கெல்தூம்

---

காசாபிளாங்கா,
ஜூன் 30

இஜ்ஜா அம்மாவுக்குச் சலாம்.

உங்கள் தங்கை சொல்லச் சொல்ல இதை நான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருப்பவள். பயப்பட வேண்டாம், பேசுகிறாள், கஞ்சி குடிக்கிறாள். பேனா மட்டும் நிற்கவில்லை.

போன கடிதம் கிடைத்ததா என்று கேட்கிறாள். சந்தைக் கடைக்குப் போன் செய்தாளாம், லைன் கிடைக்கவில்லை. ஹும்மாத்திடம் சீட்டுக் கொடுத்தால் கூட்டுச்சாலைக் கல்லின் மேல் வைப்பேன் என்கிறானாம், அதை யார் எடுப்பார்கள் என்கிறாள். குப்பி, குப்பி என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எனக்கு அர்த்தம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும் என்கிறாள்.

பதில் போடுங்கள். வாசலில் தபால்காரன் குரல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

---

தாலத்,
ஜூலை 5

அன்புத் தங்கைக்கு,

சலாம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கேனை நிறுத்தியதற்குக் கோபமா? லல்லா உன்னைத் திட்டினாளா? திட்டினால் விட்டுவிட்டு வா. இங்கே உனக்குக் கொட்டை உடைக்க ஒரு கல் எப்போதும் கிடக்கிறது.

மொஹந்த் மத்திமீன் பருவத்துக்குத் தெற்கே போயிருக்கிறான், இன்னும் திரும்பவில்லை. தபால் வந்திருந்தால் சந்தையூரில்தான் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார், அட்டை இல்லாமல் தர மாட்டார்களாம். அவர் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் கைகால் வலி, தலைவலி. பிள்ளை சோம்பேறியாகிவிட்டது. முன்பெல்லாம் தேய்க்க ஆரம்பித்ததும் உதைக்கும். இப்போது அசைவு குறைவு. கடைசி மாதங்களில் இடம் போதாது, அதனால்தான் என்று மருத்துவச்சி சொல்கிறாள். ருக்கியாவுக்குப் பயம். "எழுப்பி விடுறேன் இரு" என்று இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கிறாள். அவளுக்கும் இரண்டு மூன்று நாளாகப் பல் கூச்சம்.

குப்பி முடியப் போகிறது. அடியில் கெட்டியாக நிற்கும் மண்டியைக் கடைசி மாதத்துக்கென்று வைத்திருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

இஜ்ஜா

---

அகாதிர்,
ஜூலை 24

கெல்தூம்,

மொஹந்த் நேற்று முன்தினம் கரைக்கு வந்தான். உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. முதலாவதைப் படித்து முடித்தபோது ருக்கியா எண்ணெய்க் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஜாடியில இருந்ததை எங்க கொட்டினே?" என்றேன்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். "தூக்கிப் போட மனசு வரலக்கா. குப்பியில ஊத்திட்டேன். எண்ணெயோட எண்ணெயாப் போனா உனக்குத் தெரியாதுன்னு."

"அதைத்தானே என் வயித்துல தேச்சே?"

"பிள்ளையும் வெள்ளையாப் பொறக்கட்டுமேன்னு நினைச்சேன். பொண்ணாப் பொறந்தா, யாரும் அதோட தாடையைப் பிடிச்சுத் திருப்ப வேணாமேன்னு. நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன்."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவள் முகத்தில் அடிக்க இடமே இல்லாமல் எங்கும் மெல்லிய தோலாக இருந்தது.

மொஹந்த் மீன் லாரியில் எங்கள் இருவரையும் இங்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். இரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் இருக்கிறது என்றார்கள். அவளுக்கு மருந்து தொடங்கிவிட்டார்கள். எனக்கு இப்போது தர முடியாதாம், வயிற்றில் இருக்கிறதே. பிள்ளையின் இதயம் அடிக்கிறது. அதைக் கேட்கவைத்தார்கள். ஓடுகிற ஆட்டின் குளம்புபோல இருந்தது. அதற்கு மேல் எதைக் கேட்டாலும் அந்த டாக்டர் காகிதத்தைப் பார்க்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். "நீ தொடாதே" என்று மே மாதமே எழுதினாய். ருக்கியா பூசட்டும் என்றும் அதே கடிதத்தில் எழுதினாய். அப்போதே உனக்குத் தெரிந்திருந்ததா?

இஜ்ஜா

---

தாலத்,
செப்டம்பர் 19

கெல்தூம்,

சலாம். உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன்.

என் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெண்தான் இரண்டு வரி எழுதினாள்: "உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்." அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

பெண் குழந்தை. நாள் முந்திப் பிறந்தாள், ரொட்டி மாவு உருண்டைபோல. பிறந்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் மொஹந்தும் பைத்தியம்போலச் சிரித்தோம். நம்மைப் போலக் கறுப்பு. ருக்கியா பார்த்துவிட்டு அதன் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எழவே இல்லை.

டாக்டர் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார். உட்காரும்போது உட்காருகிறாளா, நடக்கும்போது நடக்கிறாளா, அப்போதுதான் தெரியுமாம். தினமும் காலையில் அவள் காதுக்குப் பக்கத்தில் கை தட்டுகிறேன். சில நாள் திடுக்கிடுகிறாள். சில நாள் இல்லை. தூக்கக்கலக்கமாக இருக்கும் என்று மொஹந்த் சொல்கிறான். சொல்லிவிட்டு அவனும் ஒரு தடவை தட்டிப் பார்க்கிறான்.

பையனின் தாய் குழந்தையைப் பார்க்க வந்தாள். ருக்கியா மருந்தை முடித்திருக்கிறாள். தெளிந்திருந்த முகம் இப்போது திட்டுத்திட்டாக, முன்பைவிடக் கறுத்துவிட்டது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். நடந்தது எல்லாவற்றையும் கேட்டாள். உச்சுக்கொட்டினாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக, "அந்த ஜாடியில இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்கா? என் சின்னவளுக்கும் இடம் பாக்குறோம்" என்றாள். ருக்கியா காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய் அந்த அம்மாளின் செருப்பை எடுத்துவந்து, வாசலுக்கு வெளியே, ஊர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். கல்யாணம் அவ்வளவுதான்.

உன் லல்லாவைப் பற்றி ஹும்மாத் சொன்னான். வேறு தெருவில் வேறு பெயரில் கடை திறந்துவிட்டாளாம். எண்ணெய் கொடுக்க மலைக்கு அந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்று ஒத்துக்கொண்டதாம். நம் மரம், நம் கொட்டை, நம்மைப் போன்றவர்களின் கைகள். அங்கே போய்ப் பேசப் போகிறேன், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. அவர்களும் எழுத்தில்லாத டப்பாவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று பக்கத்துவீட்டார் குப்பி குப்பியாகக் கொண்டுவருகிறார்கள். நான் வாங்குவதில்லை. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அடியைப் பார்க்கிறேன். பிள்ளை பெற்ற உடம்போடு நானே உட்கார்ந்து கொட்டை உடைத்தேன், நானே அரைத்தேன், நானே பிழிந்தேன். அதிலும் மண்டி படிந்தது. நம் மண்டிதான், எனக்குத் தெரியும். இருந்தும் கொட்டிவிட்டேன். பிள்ளை இன்னும் எண்ணெய் காணாமல் வறண்டு கிடக்கிறாள்.

நீ வந்து தேய். எந்த மண்டி நம்முடையது, எது இல்லை என்று இந்த வீட்டில் உனக்குத்தான் தெரியும். கை நடுங்குகிறது என்று ஆஸ்பத்திரியிலேயே கிடக்காதே. நடுங்கட்டும். பிள்ளைக்கு என்ன தெரியப் போகிறது, தொட்டில் ஆடுகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஹும்மாத்திடம் சொல்லிவிட்டேன். கேன் இல்லாவிட்டாலும் உன்னை ஏற்றிக்கொண்டு நம் பாதையில் திருப்புவான்.

இஜ்ஜா